சீட்டுப்பொதியும் ஆடுவோர் எதிர்பார்ப்பும்

விலை கொடுத்து வாங்கும் பொருள் இன்னதென அறிந்து வாங்குதலே வணிகத்தின் பொது இயல்பாகும். அவ்வியல்புக்கு மாறாக, உள்ளிருப்பது யாதென அறியாமலே வாங்கப்படும் பொருள்களும் சில உள. கணினியிலும் கைத்தொலைபேசியிலும் ஆடப்படும் சீட்டுச் சேகரிப்பு விளையாட்டுக்களில் விற்கப்படும் சீட்டுப்பொதி அத்தகையது. பொதியைத் திறப்பவன் எதனை எதிர்பார்க்கின்றான், அவ்வெதிர்பார்ப்புத் தகுதியுடையதோ, அதற்கு விற்போர் கடமைப்பட்டவரோ என்னும் மூன்று வினாக்களும் ஆராயத்தக்கன. அறியாமையுடையோர் ஆசை என ஒரு சொல்லால் இதனை ஒதுக்கிவிடுதல் எளிது. ஆயின் அஃது ஆராய்ச்சியாகாது.

இவ்வகை விளையாட்டின் தோற்றம் கணிதத்தோடு தொடர்புடையது. கணித அறிஞராகிய றிச்சட் காபீல்ட் ஆக்கிய ‘மஜிக்: த கதரிங்’ என்னும் விளையாட்டு 1993ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவில் வெளிவந்தது. அதன் சீட்டுக்கள் 15 கொண்ட மூடிய பொதிகளாகவும் விற்கப்பட்டன. வேண்டிய சீட்டு வாராதொழியினும், வந்த சீட்டு வாங்கியவனின் உடைமையாயிற்று. தன்னிடம் மிகுந்ததைத் தோழனுக்குக் கொடுத்து வேண்டியதைப் பெறலாம். கடையில் விற்கவும் செய்யலாம். தற்செயல் விளைத்த குறையை மாற்று வணிகம் ஓரளவு நிரப்பியது.

கணினிக்கு இவ்விளையாட்டு மாறியபோது அந்நிரப்பு வழி பெரும்பாலும் அடைபட்டது. பிளிஸாட் நிறுவனம் 2014ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘ஹார்த்ஸ்ரோன்’ இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. ஒரு பொதியில் 5 சீட்டுக்கள் உள. சாதாரணம், அரியது, எபிக், லெஜண்டரி எனத் தரம் நான்கு. பொதிதோறும் அரியதோ அதனினும் உயர்ந்ததோ ஒன்றேனும் இருக்கும். ஆடுவோர் தம்முள் சீட்டை மாற்றிக்கொள்ளல் இயலாது. வேண்டாத சீட்டை அழித்துத் ‘தூள்’ எனப்படும் ஒரு மதிப்பாக மாற்றலாம். அத்தூளைக் கொண்டு வேண்டிய சீட்டை ஆக்கலாம். ஆயின் லெஜண்டரிச் சீட்டொன்றை ஆக்க 1600 அளவு தூள் வேண்டும். அழித்தாற் கிடைப்பதோ 400. நான்கை இழந்தே ஒன்றைப் பெறவேண்டும் என்பது இதன் பொருள். சாதாரணச் சீட்டிலோ எட்டை இழந்து ஒன்றைப் பெறவேண்டும்.

இனி எதிர்பார்ப்பின் இயல்பை நோக்குக. லெஜண்டரிச் சீட்டு ஏறத்தாழ 20 பொதிக்கு ஒன்று வரும் எனக் கேட்டவன், 20 பொதி திறந்தால் ஒன்று தனக்கு உரியதென எண்ணுகின்றான். ஒவ்வொரு பொதியிலும் அச்சீட்டு வருதற்குரிய நிகழ்தகவு 1/20 எனவும், ஒரு பொதி மற்றொன்றைச் சாராதெனவும் கொள்க. அவ்வாறாயின் 20 பொதி திறந்த 100 பேருள் ஏறக்குறைய 36 பேர் ஒன்றேனும் பெறார். 40 பொதி திறந்தவருள்ளும் 13 பேர் வெறுங்கையராவர். சராசரி என்பது பெருந்தொகைக்கு உரிய உண்மை. தனி ஒருவனுக்கு அது தந்த வாக்குறுதியன்று. பெருந்தொகைக்குரிய விதியைச் சிறுதொகையிலும் மக்கள் தேடும் இவ்வியல்பை அமொஸ் ருவேர்ஸ்கி, டானியேல் கானமன் என்னும் உளவியலறிஞர் இருவர் 1971ஆம் ஆண்டிலேயே ஆராய்ந்து காட்டினர். கணிதப் பயிற்சியுடையோரும் இப்பிழைக்கு விலக்கல்லர் என்பது அவர்தம் ஆராய்ச்சியால் விளங்கியது.

இம்மட்டில் நின்றால் குற்றமெல்லாம் ஆடுவோர்மேலதாகும். ஆயின் அவர்தம் முறையீட்டில் இரு வேறு கூறுகள் கலந்துள்ளன. “இத்துணை முறை வாராதது இனி வந்தே தீரும்” என்பது ஒன்று. அது கணக்குப் பிழை. “இத்துணை பொருள் கொடுத்தேன், தகுந்த ஈடு வேண்டும்” என்பது மற்றொன்று. அது பொருள் வாங்குவோன் உரிமை. முன்னையதன் பிழையைக் காட்டிப் பின்னையதன் நியாயத்தை மறுத்தல் பொருந்தாது.

பின்னையதன் வலிமையை மற்றொரு கணக்குத் தெளிவாக்கும். ஒரு தொகுதியில் 20 வகை லெஜண்டரிச் சீட்டுக்கள் உள்ளன எனவும், அவை சம வாய்ப்புடையன எனவும் கொள்க. முன் வந்ததே மீண்டும் வரலாமாயின், இருபது வகையும் கைக்கு வர அத்தரச் சீட்டுக்கள் சராசரி 72 எடுக்கவேண்டும். எஞ்சிய கடைசி வகை ஒன்றுக்கே சராசரி 20 வேண்டும். சீட்டொன்றுக்குப் பொதி இருபதாக, தூளைக் கருதாவிடின், 1440 பொதிகள் ஆகும். வந்தது மீண்டும் வாராதாயின் 400 பொதிகள் போதும். நிகழ்தகவு இரண்டிலும் ஒன்றே. விதி ஒன்று மாறியதனால் செலவு மூன்று மடங்குக்கு மேல் வேறுபடுகின்றது. ஆகவே ஆடுவோனின் இழப்பு முழுவதும் தற்செயலின் விளைவன்று. பெரும்பகுதி விற்போர் வகுத்த விதியின் விளைவேயாம்.

அரசுகளும் இதனைக் காணாதிருக்கவில்லை. பல சீட்டுக்களை முழுமையாகச் சேர்த்தார்க்கே பரிசு வழங்கும் ‘கொம்பு கச்சா’ என்னும் முறை பரிசுப்பொருள் பற்றிய சட்டத்துக்கு மாறானதென 2012ஆம் ஆண்டில் யப்பான் அரசு அறிவித்தது. இத்தகைய பொருள்களின் நிகழ்தகவை விற்போர் வெளியிடவேண்டுமென்னும் விதி 2017 மே மாதம் முதல் சீனாவில் நடைமுறைக்கு வந்தது. அதன்பின்னரே, எபிக் சீட்டு சராசரி 5 பொதிக்கு ஒன்று, லெஜண்டரிச் சீட்டு 20 பொதிக்கு ஒன்று என்னும் அளவுகளை ஹார்த்ஸ்ரோன் விற்போர் அந்நாட்டில் வெளியிட்டனர். அதற்கு முன்னர், ஆடுவோர் தாம் திறந்த ஆயிரக்கணக்கான பொதிகளின் பதிவுகளைத் தொகுத்தே இவ்வளவுகளை உய்த்துணர்ந்தனர். தொடர்ந்து 40 பொதிக்குள் லெஜண்டரி ஒன்று வந்தேதீரும் என்னும் மறைவிதியையும் அவ்வாறே கண்டறிந்தனர். அறியாமையுடையோர் எனப்பட்டவரே அளந்தறிந்தமை குறிக்கத்தக்கது.

2017ஆம் ஆண்டிலேயே விதிகள் திருந்தின. ஒரு தொகுதியின் லெஜண்டரிச் சீட்டுக்கள் யாவும் வந்து முடியுமுன் வந்தது மீண்டும் வாராதென்றும், புதுத் தொகுதியின் முதல் 10 பொதிக்குள் அத்தரத்தது ஒன்று உறுதியென்றும் நிறுவனம் வகுத்தது. மீள வாராமை என்னும் பாதுகாப்பு 2020ஆம் ஆண்டில் ஏனைத் தரங்களுக்கும் விரிந்தது. இத்திருத்தங்கள் பாராட்டுக்குரியன. ஆயினும் அவை ஓர் உண்மையை ஒப்புக்கொள்கின்றன. தூய தற்செயலை ஆடுவோர் விரும்பினாரல்லர். விற்போரும் அதனைக் காத்தாரல்லர். வியப்பும் வேண்டும், ஈடும் வேண்டும் என்பதே ஆடுவோர் எதிர்பார்ப்பு. ஈட்டுக்கு எல்லை வகுத்தபின், பொதி பெரும்பாலும் தவணைமுறை விற்பனையாகின்றது. தவணையாயின் மொத்த விலையைச் சொல்லவேண்டாவோ? பொதியின் விலை தெரிகின்றது. நாடிய சீட்டின் விலை தெரியவில்லை. உறுதி எல்லை நெருங்குந்தோறும், இதுவரை செலவிட்டது வீணாகாதிருத்தற்பொருட்டு மேலும் செலவிடும் மனமும் வளர்கின்றது.

பொதியின்றி இவ்விளையாட்டு வாழாது என்பர் ஒரு சாரார். றயட் நிறுவனம் 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘லெஜண்ட்ஸ் ஒவ் ருனெற்றெரா’ பணத்துக்குத் தற்செயற் பொதி விற்காது, வேண்டிய சீட்டையே பெற வழிசெய்தது. ஆடுவோர் புகழ்ந்தனர், ஆயினும் வருவாய் செலவுக்கு ஈடாகாமையால் 2024ஆம் ஆண்டில் அதன் பணிக்குழு சுருக்கப்பட்டது. நேர்மைக்கு ஊதியம் குறைவென்பதை இது காட்டலாம். மறைவுக்கு நியாயம் உண்டென்பதைக் காட்டாது.

பாரதத்து நளன் கதையில், தான்றிமரத்தின் இலையையும் காயையும் பார்த்த அளவிலே எண்ணிச் சொன்ன இருதுபன்னன், சூதின் நுட்பத்தையும் எண்ணின் நுட்பத்தையும் நளனுக்கு ஒருங்கே அளிக்கின்றான். அவ்வறிவு புகுந்தபோதே கலி நளனை விட்டு நீங்குகின்றான். தற்செயலின் மயக்கை நீக்குவது எண்ணறிவு என்பது அக்கதையின் குறிப்பாகும். ஆயினும் எண்ணறிவு பயன்படுதற்கு எண்கள் தெரிந்திருத்தல் வேண்டும். நிகழ்தகவைக் கற்பித்தல் பள்ளியின் கடன். அதன் அளவை மறையாது வெளியிடுதல் விற்போர் கடன். இளைஞர் கையிலுள்ள கருவியிலேயே பொதி விற்கப்படும் இக்காலத்தில், இவ்விரண்டனுள் ஒன்று தவறினும் மற்றொன்று பயனின்றி ஒழியும்.