குழாயின் இளஞ்சூடு

எங்கள் ஊர் பெக்கோக்கில் மாலை மழை பிடித்துக்கொண்டால் என் ஏடிஏ எம்பி-1-ஐ முடுக்கிவிட்டு கிட்டாரோடு உட்கார்ந்துவிடுவேன். 1987-இல் வந்த கிட்டார் முன்பெருக்கி (ப்ரீஆம்ப்) அது. 19 அங்குல அகலம். கருவிகளை அடுக்கும் ரேக்கில் ஒரே தட்டுதான் பிடிக்கும். உள்ளே இரண்டு 12ஏஎக்ஸ்7 வெற்றிடக் குழாய்கள். 128 ஒலியமைப்புகளை நினைவில் வைத்திருந்து, மிடி மிதிப்பலகையைக் காலால் தொட்டதும் மாற்றித் தரும்.

சற்றுப் பொறுத்து மூடியில் கை வைத்தால் இளஞ்சூடு தெரியும். அதன்பிறகு தந்தியை மெல்ல வருடினால் ஒலி தெளிந்து நிற்கும். அழுத்தி மீட்டினால் அலையின் முனை மழுங்கி, உச்சத்தில் பாடும் தொண்டைபோல் கரகரக்கும். விரலின் மனநிலை அப்படியே ஒலிபெருக்கிக்குப் போய்ச் சேரும்.

குழாய் தேய்ந்தால் கழற்றிப் புதிதாகச் செருகலாம். வீட்டில் இப்படியொரு பழைய ரேக் கருவி கிடந்தால் விற்றுவிடாதீர்கள். சூடேற்றி வாசித்துப் பாருங்கள்.