கைத்தட்டலுக்கு ஒரு கார்வை

2025 மார்ச்சில் கன்ட்ரி பாடகி கேரி அண்டர்வுட் 'அமெரிக்கன் ஐடல்' பாட்டுப் போட்டி நிகழ்ச்சிக்குத் திரும்பி வந்தார். இருபது ஆண்டுகளுக்கு முன் போட்டியாளராக நின்றவருக்கு இம்முறை லயனல் ரிச்சி, லூக் பிரையன் பக்கத்தில் நடுவர் நாற்காலி. அன்றிலிருந்து ஒரு வாதத்தை அலுக்காமல் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்: தொலைக்காட்சிப் போட்டி கன்ட்ரி இசைக்கு என்ன செய்தது என்று இனி யாரும் கேட்க வேண்டாம், சாட்சி இதோ உட்கார்ந்திருக்கிறது. சாட்சியைப் பற்றி எனக்குச் சந்தேகமில்லை. அது எதற்குச் சாட்சி என்பதில்தான் வழக்கு.

கொடுக்க வேண்டியதை முதலிலேயே கொடுத்துவிடுகிறேன். செக்கோட்டா ஓக்லஹோமாவில் ஒரு சின்ன ஊர். அங்கே வளர்ந்த பெண், கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில்லில் இசைத்தட்டுக் கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்காமல் 2005 மே மாதம் நாடு முழுக்கப் பார்க்க வென்றார். அந்த ஆண்டே வந்த 'சம் ஹார்ட்ஸ்' ஆல்பம் அமெரிக்காவில் மட்டும் 70 லட்சத்துக்கு மேல் விற்றது. 2007இல் சிறந்த புதுமுகத்துக்கான கிராமி, 2008இல் கன்ட்ரி இசையின் பெருமேடையான கிராண்ட் ஓல் ஓப்ரியில் உறுப்பினர் தகுதி. சாரீரத்தில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. சுருதி அவரிடம் வேலைக்காரி மாதிரி நடந்துகொள்ளும். ஊர்ப்பேர் தெரியாத ஒரு குரலுக்கு இவ்வளவு பெரிய கதவைத் திறந்துவிட நாஷ்வில் கம்பெனிகளால் அப்போது முடிந்திருக்காது என்பதும் நியாயமான பேச்சு.

போட்டி என்ற வழியும் புதிதில்லை. 1957 ஜனவரி 21 அன்று ஆர்தர் காட்ஃப்ரி நடத்திய திறமைத் தேடல் நிகழ்ச்சியில் 'வாக்கின் ஆஃப்டர் மிட்நைட்' பாடி வென்றவர் கன்ட்ரி பாடகி பேட்ஸி க்ளைன். அவருக்காக அம்மா தன் கையால் தைத்துக் கொடுத்திருந்த கௌகேர்ள் உடை வேண்டாம் என்று தயாரிப்பாளர்கள் சொல்ல, நகரத்து விருந்துக்குப் போகிறவர் மாதிரி உடுத்திப் பாடினார். பாட்டையும் அவர்களே தேர்ந்தெடுத்தார்கள். அவருக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. அந்த ஒரு முறை தேர்வு சரியாக இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கன்ட்ரி பாடகியை அழைத்துவந்து அவரிடமுள்ள கன்ட்ரியை வாசலிலேயே கழற்றி வைக்கச் சொல்லும் வழக்கம் அன்றைக்கே ஆரம்பித்துவிட்டது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இனி என் பழைய மனத்தாங்கலுக்கு வருகிறேன். 2005 இறுதிச் சுற்றில் அண்டர்வுட்டுக்கு எதிரே நின்றவர் போ பைஸ், அலபாமாவிலிருந்து வந்த நீளமுடி ராக் பாடகர். இருவரும் மேடையில் பாடிய பாட்டுகளில் 'இன்சைட் யுவர் ஹெவன்' ஒன்று. இவரும் அதைப் பாடினார், அவரும் அதையே பாடினார். யார் ஜெயித்தாலும் பாட்டு தயாராக இருந்தது. எழுதிய மூவரில் இருவர் ஸ்வீடன்காரர்கள். போட்டி முடிந்ததும் இருவர் குரலிலும் அது தனித்தனியாக வெளிவந்து, அண்டர்வுட்டின் பதிவு பில்போர்டு ஹாட் 100இல் நேராக முதலிடத்திலேயே இறங்கியது. பைஸின் பதிவு இரண்டாமிடம் வரை போனது. முதல் வாரமே முதலிடத்தில் இறங்கிய முதல் கன்ட்ரி கலைஞர் என்ற பெருமையை இன்றும் அண்டர்வுட் கணக்கில் எழுதுகிறார்கள். பாட்டில் கன்ட்ரி எங்கே இருக்கிறது என்று ஒருவரும் கேட்பதில்லை. யார் உடம்புக்கும் பொருந்தும்படி தைத்த சட்டை அது. அப்படிப்பட்ட சட்டை யார் உடம்பிலும் ஒட்டாது.

பாடகர் தானே பாட்டெழுத வேண்டும் என்று நான் வாதாடவில்லை. பேட்ஸி க்ளைன் தன் புகழ்பெற்ற பாட்டுகளை எழுதியவரில்லை. கன்ட்ரி பாடகர் ஜார்ஜ் ஜோன்ஸின் பெரிய பாட்டுகள் பலவும் பிறர் எழுதியவைதான். பாட்டோடு பாடகருக்கு ஏற்படும் பழக்கத்தைப் பற்றித்தான் என் பேச்சு. கன்ட்ரி சாகித்யத்தின் இசை. ஒரு சமையலறை, ஒரு பிக்கப் லாரி, ஓர் இறந்துபோன மனிதன் என்று மூன்று நான்கு நிமிடத்தில் ஒரு குடும்பக் கதையே சொல்லி முடியும். கதை பெரும்பாலும் திரும்புவது இரண்டாம், மூன்றாம் சரணத்தில். போட்டியில் ஒரு பாட்டுக்குக் கிடைப்பதோ ஒன்றரை நிமிடம், மிஞ்சினால் இரண்டு. முதலில் வெட்டுப்படுவது எது? அந்த இரண்டாம் சரணம்தான். ஒரு சரணம், பல்லவி, உடனே ஏற்றம், கடைசியில் உச்ச ஸ்வரத்தில் ஒரு கார்வை, கைத்தட்டல்.

ஜோன்ஸ் 1980இல் பாடிய 'ஹி ஸ்டாப்ட் லவிங் ஹர் டுடே'யை எடுத்துக்கொள்ளுங்கள். சாகும்வரை அவளை நேசிப்பேன் என்று சொன்ன ஒருவன் சொன்ன சொல்லைக் காப்பாற்றும் கதை. முதல் இரண்டு சரணத்தோடு கத்தரி போட்டால் அந்த ஆள் சாகவே மாட்டான், பாட்டும் பிறக்காது. பாபி ஜென்ட்ரியின் 'ஓட் டு பில்லி ஜோ' (1967) இன்னும் மோசம், போட்டியின் கண்ணுக்கு. பல்லவியே கிடையாது. ஒரு வீட்டில் சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசுகிறார்கள். பாலத்திலிருந்து குதித்து இறந்த பையனைப் பற்றிய செய்தி, இன்னும் கொஞ்சம் எடுத்துப் போட்டுக்கொள் என்ற உபசாரத்துக்கு நடுவே வந்து போகிறது. குரல் ஒரு படிகூட ஏறுவதில்லை. இதை எந்த நடுவர் முன் எந்தப் பெண் பாடிக் காட்ட முடியும்? 'நன்றாக இருந்தது, ஆனால் உன் குரலின் வீச்சு தெரியவில்லையே' என்பார்கள்.

அந்த வீச்சைக் கேட்டுத்தான் அண்டர்வுட்டையும் கண்டுபிடித்தார்கள். 2005 போட்டியில் அவர் ஒரு வாரம் ஹார்ட் குழுவின் 'அலோன்' பாடினார். எண்பதுகளின் ராக் பாட்டு. பல்லவியில் கூரையைப் பிய்க்க வேண்டும், பிய்த்தார். இந்தப் பெண்தான் ஜெயிப்பாள், இதுவரை ஜெயித்தவர்கள் எல்லோரையும் விட அதிகம் விற்பாள் என்று நடுவர் சைமன் கவல் அன்றே ஆருடம் சொன்னார். ஆருடம் அத்தனை சுலபமாக வாய்த்ததற்கு அளவுகோலும் சந்தையும் ஒரே கையில் இருந்ததும் ஒரு காரணம்.

பிறகு நாஷ்வில் எழுத்தாளர்கள் அவருக்கு நல்ல பாட்டுகள் கொடுக்கத்தான் செய்தார்கள். 'ஜீசஸ், டேக் த வீல்' அதில் ஒன்று. கிறிஸ்துமஸுக்கு முந்திய இரவு, பின்சீட்டில் குழந்தை, பனியில் சறுக்கும் கார். அந்த முதல் சரணத்தை அண்டர்வுட் அடக்கி, ஏறக்குறையப் பேசுகிற குரலில் பாடுகிறார். அந்தச் சில வரிகளுக்காக அவரை மன்னித்துவிடலாம் என்றுகூட எனக்குத் தோன்றியதுண்டு. பல்லவி வந்ததும் காருக்குள் இருந்த பெண் காணாமல் போய், மேடையில் நிற்கும் போட்டியாளர் வந்துவிடுகிறார். பிரார்த்தனை வாக்கு வேட்டையாகிறது. நான் அநியாயம் செய்கிறேனோ என்னவோ. பல்லவி உயர்வது அந்தப் பாட்டின் கட்டமைப்பிலேயே இருக்கிறது என்று சொல்பவர்கள் சொல்லட்டும். என் காதுக்கு அவருடைய ஒவ்வொரு கடைசிப் பல்லவிக்குப் பின்னாலும் ஒரு கடிகாரம் ஓடுகிறது. போட்டி முடிந்து எத்தனை ஆண்டு ஆனாலும் அது நிற்பதாகத் தெரியவில்லை.

சரி, தோற்றவர்கள் என்ன ஆனார்கள்? 'நாஷ்வில் ஸ்டார்' என்று ஒரு போட்டி இருந்தது. சொந்தப் பாட்டுக்கும் இடம் கொடுத்த, ஒப்பீட்டளவில் யோக்கியமான போட்டி. 2003இல் அதை வென்றவர் பட்டி ஜூவெல். இரண்டே மாதத்தில் ஆல்பம் வந்தது, இரண்டு நல்ல ஹிட்டுகளும் கிடைத்தன, பிறகு மெல்ல ஒதுங்கிப்போனார். மூன்றாவதாக வந்த டெக்சஸ் பெண் மிராண்டா லாம்பர்டுக்கு அவசரமில்லை. ஏறக்குறைய இரண்டு ஆண்டு எடுத்துக்கொண்டு, பெரும்பாலும் தான் எழுதிய பாட்டுகளோடு 2005இல் 'கெரசின்' கொண்டுவந்தார். அதே போட்டியில் 2007இல் ஏழாவது இடம் பெற்றவர் கேஸி மஸ்கிரேவ்ஸ். பன்னிரண்டு ஆண்டு கழித்து 'கோல்டன் அவர்' அவருக்கு ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமியைக் கொண்டுவந்தது. இந்த இருவரும் ஒரு பாட்டில் சந்திக்கிறார்கள்: 'மாமாஸ் புரோக்கன் ஹார்ட்'. மஸ்கிரேவ்ஸ் வேறு இருவரோடு சேர்ந்து எழுத, லாம்பர்ட் பாடினார். காதல் முறிந்த மகளிடம், கண்ணைத் துடை, மேக்கப்பைச் சரிசெய், ஊர் சிரிக்க வைக்காதே என்று அம்மா அடக்கும் பாட்டு. அதில் உச்ச ஸ்வரத்துக்கு வேலையில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு சொற்களைத் துப்பத் தெரிய வேண்டும். எந்தப் போட்டியும் இதற்கு மதிப்பெண் வைத்ததில்லை.

வென்றவர்களிலும் ஒருவர் தப்பித்தார். 2011இல் பதினேழு வயதில் 'ஐடல்' ஜெயித்த ஸ்காட்டி மெக்ரீரி, பின்னால் கம்பெனி ஒப்பந்தத்தை இழந்தார். தாத்தா இறந்த துக்கத்தில் அவர் பிறரோடு சேர்ந்து எழுதிய 'ஃபைவ் மோர் மினிட்ஸ்' கம்பெனி துணையில்லாமல் வானொலிக்குப் போய், 2018இல் கன்ட்ரி வானொலிப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. பட்டம் வாங்கி ஏழு ஆண்டு கழித்துக் கிடைத்த அவருடைய முதல் முதலிடம்.

போட்டியில் 'வீட்டுக்குப் போ' என்பதற்கு ஒரே அர்த்தம்தான். பேட்ஸி க்ளைனுக்கு வேறொரு அர்த்தம் வாய்த்தது. 1961 ஜூனில் கார் விபத்தில் அடிபட்டு, விலா எலும்பு ஆறாத நிலையில் அவர் ஆகஸ்டில் ஸ்டுடியோவுக்கு வந்தார். பாட்டு, வில்லி நெல்சன் எழுதிய 'க்ரேஸி'. நெல்சனின் மாதிரிப் பதிவில் சொற்கள் தாளத்துக்குப் பின்னால் சோம்பிச் சோம்பி வந்தன. அது க்ளைனுக்கு ஒத்துவரவில்லை. மேல் ஸ்வரங்களுக்குப் போகும்போது விலா வலித்தது. மணிக்கணக்கில் முயன்றும் நடக்கவில்லை. தயாரிப்பாளர் ஓவன் பிராட்லி வாத்தியங்களை மட்டும் பதிவு செய்துகொண்டு அவரை வீட்டுக்கு அனுப்பினார். சில வாரம் கழித்துத் திரும்பி வந்து ஒரே மூச்சில் பாடி முடித்தார். இன்றும் நாம் கேட்பது அதைத்தான். நடுவர் நாற்காலியில் இருக்கும் அண்டர்வுட்டிடம் எனக்கு ஒரு வேண்டுதல் உண்டு. ஏதாவது ஒரு வாரம், கூரையைப் பிய்க்கும் ஒரு பெண்ணை நிறுத்தி, இரண்டாம் சரணத்தைப் பாடு என்று கேளுங்கள்.