சின்னவனுக்கு ஒரு பை

போன செப்டம்பரில் எங்கள் வீட்டு அலமாரியின் கீழ்த்தட்டு முழுக்க ஜிப்லாக் பைகள். மொத்தம் முப்பது. ஒன்றில் வண்ணப் பஞ்சுருண்டைகளும் ஒரு பிளாஸ்டிக் இடுக்கியும். இன்னொன்றில் துணி கிளிப்புகளும் லேமினேட் செய்த எண் அட்டைகளும். மூன்றாவதில் ஒரு ஷூ லேஸ், கோர்ப்பதற்குப் பெரிய மரமணிகள். எல்லாம் எங்கள் இரண்டேகால் வயது சின்னவனுக்கு. ஒன்பது வயது மகளுக்கு என் மனைவி பின்னக்கணக்கு சொல்லிக்கொடுக்கும்போது அவன் 'பிஸி'யாக இருக்க வேண்டும். அதுதான் திட்டம்.

ஹோம்ஸ்கூலிங் செய்கிற அமெரிக்கக் குடும்பங்களில் இதற்குப் பெயரே 'பிஸி பேக்'தான். பத்துப் பதினைந்து அம்மாக்கள் சேர்ந்து, ஆளுக்கு ஒரு விளையாட்டை எடுத்து, அதையே பதினைந்து பிரதி செய்து, ஒரு சனிக்கிழமை கூடி மாற்றிக்கொள்வார்கள். செய்ய நேரமில்லையென்றால் அச்சடித்துக்கொள்ள பிடிஎஃப் கிடைக்கும், மாதாமாதம் பெட்டியாகவும் வரும். 2010-இல் பின்டரெஸ்ட் வந்தபிறகு இவற்றின் படங்கள் கண்ணில் படாமல் இருப்பதே கஷ்டம். நாங்கள் பாதியை வாங்கினோம், மீதியை ஞாயிற்றுக்கிழமை இரவுகளில் நாங்களே வெட்டி ஒட்டினோம்.

இரண்டு வாரம் ஒரு நோட்டில் குறித்து வைத்தேன். எந்தப் பை, எத்தனை நிமிடம். ஒரு வீடு, ஒரு பிள்ளை, இதை ஆராய்ச்சி என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் பத்து நிமிடத்தைத் தாண்டிய பைகள் மூன்றுதான். மற்றதெல்லாம் கொட்டி, கலைத்து, "அம்மா, ஆச்சு!" என்று அவன் மேஜைக்கு வந்துவிட்ட கதை. ஒரு பையைத் தயார் செய்ய எனக்கு அரைமணி நேரம். அது வாங்கித் தந்தது ஆறு நிமிடம். இந்தக் கணக்கு இடித்தது. சரி, இந்த யோசனை எங்கிருந்து வந்தது என்று தேட ஆரம்பித்தேன்.

பெட்டியின் பூர்வீகம்

சிறு பிள்ளைக்கு ஒரு பெட்டி, அதற்குள் ஒரு குறிப்பிட்ட செயல் என்பது புதுசு இல்லை. ஜெர்மனியில் ஃப்ரீட்ரிக் ஃப்ரோபெல் 1837-இல் பாட் பிளாங்கன்பர்க்கில் தன் முயற்சியைத் தொடங்கினார். 'கிண்டர்கார்டன்' என்ற பெயரை 1840-இல் வைத்தார். அவருடைய 'பரிசுகள்' என்பவை நூல் பந்துகள், மர உருண்டை, கனசதுரம், உருளை, பிறகு பிரித்துப் பிரித்து அடுக்குகிற கட்டைகள் என்று வரிசையாகப் பெட்டிகளில் வரும். அமெரிக்காவில் 1869 வாக்கிலேயே மில்டன் பிராட்லி இவற்றைத் தயாரித்து விற்க ஆரம்பித்துவிட்டார். பலகை விளையாட்டுகளுக்குப் பேர்போன அதே பிராட்லிதான். ஆக, 'ரெடிமேட்' பெட்டி வியாபாரத்துக்கு வயது நூற்றைம்பதுக்கு மேல்.

அடுத்தது மரியா மாண்டிசோரி. 1907 ஜனவரி 6 அன்று ரோமில் சான் லொரென்சோ என்ற ஏழைக் குடியிருப்பில் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார். பெற்றோர் வேலைக்குப் போனபிறகு பிள்ளைகள் கட்டடத்தைப் பாழாக்குகிறார்கள், அவர்களை எங்காவது உட்கார வைக்க வேண்டும் என்பதுதான் கட்டட உரிமையாளர்களின் கவலை. கவனித்தீர்களா? இன்று நாம் கேட்கிற அதே கேள்விதான்: இந்தச் சின்னதுகளை எப்படித் தொந்தரவு இல்லாமல் வைத்திருப்பது?

மாண்டிசோரியின் பெருமை, அந்தக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு நிற்காததுதான். மூன்று வயதுப் பெண் குழந்தை ஒன்று மர உருளைகளைக் குழிகளில் பொருத்துவதை நாற்பது முறைக்கு மேல் திரும்பத் திரும்பச் செய்ததை அவர் உட்கார்ந்து எண்ணினார். முக்கியமான வார்த்தை 'உட்கார்ந்து'. ஒரு பெரியவர் அங்கே இருந்தார், பார்த்தார், எண்ணினார்.

என் விமர்சனத்தின் மையம் இதுதான். பிஸி பேக் இந்த இரண்டு பேரிடமிருந்தும் பொருளை எடுத்துக்கொண்டு ஆளை விட்டுவிட்டது. ஃப்ரோபெலின் பந்தை ஒரு தாய் பிள்ளையோடு உட்கார்ந்து ஆட்ட வேண்டும். மாண்டிசோரியின் தட்டை ஆசிரியர் முதலில் மெதுவாகச் செய்து காட்ட வேண்டும். பிள்ளை தானே தேர்ந்தெடுக்க வேண்டும், வேண்டிய மட்டும் திரும்பச் செய்ய வேண்டும், திருப்பி வைக்க வேண்டும். பிஸி பேக்கிலோ யாரும் பக்கத்தில் இல்லை என்பதுதான் விற்பனைப் புள்ளியே. 'இருபது நிமிட அமைதி' என்று அட்டையில் போடுகிறார்கள். அமைதி யாருக்கு?

இன்டரப்ட்

எங்கள் தொழிலில் 'இன்டரப்ட்' என்று ஒன்று உண்டு. ப்ராசஸர் ஒரு வேலையில் இருக்கும்போது வெளியிலிருந்து ஒரு அழைப்பு வரும். அவசர வேலையென்றால் அந்த அழைப்பைக் கொஞ்ச நேரம் மறைத்து வைக்கலாம். ஆனால் மறைத்த அழைப்பு காணாமல் போகாது, காத்திருக்கும். திரையை எடுத்த அடுத்த கணம் முன்னால் வந்து நிற்கும். சின்னவனும் அப்படித்தான். பஞ்சுருண்டை முடிந்ததும் முன்னைவிடச் சத்தமாக வருவான்.

அவனுக்கு வேண்டியது என்ன? இதற்குப் பதில் பழைய ஆய்வுகளிலேயே இருக்கிறது. 1982-இல் ஹாரியட் ரைன்கோல்ட் ஒரு ஆய்வு வெளியிட்டார். வீடு மாதிரி அமைத்த அறையில் பெற்றோரைப் பெருக்குவது, துணி மடிப்பது, மேஜை ஒழுங்குபடுத்துவது போன்ற வேலைகளைச் செய்யச் சொன்னார். கூட இருந்தவை பதினெட்டு, இருபத்துநான்கு, முப்பது மாதப் பிள்ளைகள். பெரும்பாலான பிள்ளைகள் யாரும் கேட்காமலே வேலையில் சேர்ந்துகொண்டார்கள். எனக்குச் சுருக்கென்று பட்டது இன்னொரு விஷயம். வீட்டில் இந்த வேலைகளைப் பிள்ளை தூங்கும்போது செய்து முடித்துவிடுவோம், இல்லையென்றால் இடையில் வந்து கெடுக்கும் என்று பெற்றோர் பலர் சொன்னார்களாம். உதவி செய்ய வருகிற ஆளை இடைஞ்சல் என்று பெயர் வைத்து நாமே தள்ளி வைக்கிறோம்.

2006-இல் வார்னெகனும் டோமசெல்லோவும் 'சயன்ஸ்' இதழில் எழுதியது இன்னும் பிரபலம். துணி காயப்போடும் ஒருவர் கை தவறி கிளிப்பைக் கீழே போட்டுவிட்டு எட்டி எடுக்க முடியாமல் தவிப்பார். பதினெட்டு மாதக் குழந்தை போய் எடுத்துக் கொடுக்கும். பாராட்டோ பரிசோ கிடையாது. இந்த மாதிரிப் பல சூழல்களில் 24 குழந்தைகளில் 22 பேர் ஒரு முறையாவது உதவினார்கள்.

எங்கள் பையிலும் அதே துணி கிளிப் இருக்கிறது. வித்தியாசம் என்னவென்றால், ஆய்வில் அந்த கிளிப் இன்னொருவருக்கு வேண்டும். பையில் இருக்கிற கிளிப் யாருக்கும் வேண்டாம். ஐந்து என்ற அட்டையில் ஐந்து கிளிப் மாட்டினாலும் மாட்டாவிட்டாலும் உலகத்தில் ஒன்றும் மாறாது. இரண்டு வயதுக்கு இது புரியாது என்று நினைக்கிறோம். எனக்கென்னவோ நன்றாகவே புரிகிறது என்றுதான் தோன்றுகிறது.

மூன்று வயதுக் கோடு

இன்னொரு விமர்சனம் நடைமுறை சார்ந்தது, ஆனால் உயிர் சம்பந்தப்பட்டது. அமெரிக்காவில் மூன்று வயதுக்குட்பட்டோருக்கான பொம்மைகளுக்கு 1980 முதல் ஒரு விதி உண்டு. 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு சோதனை உருளைக்குள் முழுதாக அடங்குகிற எந்தத் துண்டும் அதில் இருக்கக் கூடாது. ஒரு பிள்ளையின் தொண்டையை மனதில் வைத்துப் போட்ட அளவு அது. கடையில் வாங்கும் பொம்மைக்கு இந்தக் காவல் இருக்கிறது. கைவினைக் கடையில் பஞ்சுருண்டையும் மணியும் வாங்கி வீட்டில் நாமே கோர்க்கிற பைக்கு யார் காவல்? அதுவும் 'பிள்ளை தனியாக விளையாடும், நீங்கள் அந்தப் பக்கம் பாடம் நடத்தலாம்' என்ற வாக்குறுதியோடு. தண்ணீரில் ஊறிப் பெருக்கும் நிற மணிகளை இப்படித்தான் பல பட்டியல்கள் சிபாரிசு செய்தன. விழுங்கினால் வயிற்றுக்குள்ளும் பெருக்கும். 2023 டிசம்பரில் பெரிய சில்லறை நிறுவனங்களே அவற்றைக் குழந்தைகளுக்கென்று விற்பதை நிறுத்தின.

எங்கள் முப்பது பைகளை அன்று இரவே சோதித்தேன். ஒன்பது பைகளை எடுத்துத் தனியாக மேலே வைத்துவிட்டேன். ஒன்பது! ஐந்தாறு வாரமாக அவன் கைக்கெட்டும் தட்டில் இருந்தவை. இரண்டு பேரும் பொறியியல் படித்தவர்கள்.

ஆச்சி வந்த ஆறு மாதம்

இப்போது எதிர்த்தரப்பையும் சொல்ல வேண்டும். "பிள்ளையை வேலையில் சேர்த்துக்கொள்" என்று நான் எழுதுவது சுலபம். பாடம் நடத்துவது நான் இல்லையே, என் மனைவி. அவளிடம் ரைன்கோல்ட் கதையைச் சொன்னபோது, "அந்த ஆய்வுல பக்கத்துல ஒரு ஒன்பது வயசுப் பொண்ணு பின்னம் புரியலன்னு அழுதுட்டு இருந்தாளா?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. துணி மடிக்கும்போது சின்னவனைச் சேர்த்துக்கொள்ளலாம். பகுஎண் சமப்படுத்தும்போது?

என் மாமியார் திருநெல்வேலியிலிருந்து ஆறு மாதம் வந்து இருந்தார்கள். அந்த ஆறு மாதம் ஒரு பைகூட அலமாரியை விட்டு இறங்கவில்லை. ஆச்சி பூண்டு உரித்தால் தோலைப் பொறுக்கிக் கிண்ணத்தில் போடுவது அவன் வேலை. இதைச் சொல்லி 'அந்தக் காலத்துக் கூட்டுக்குடும்பம்' என்று உருக எனக்கு விருப்பமில்லை. ஆச்சியிடம் மந்திரம் எதுவும் இல்லை. இன்னொரு பெரியவர் வீட்டில் இருந்தார், அவ்வளவுதான். விசா முடிந்து ஆச்சி கிளம்பியதும் அடுத்த திங்கட்கிழமை பைகள் இறங்கின. பிஸி பேக் என்பது இல்லாத ஒரு ஆளின் இடத்தில் வைக்கிற பொருள். அதைப் பயன்படுத்தும் அம்மாவைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. 'இது பிள்ளையின் கல்விக்கு' என்று சொல்லி விற்பவர்களைத்தான் கேள்வி கேட்கிறேன். தாய்க்குக் கொஞ்சம் மூச்சுவிட நேரம் என்று நேராகச் சொன்னால் என்ன குறைந்துவிடும்?

நாங்கள் மாற்றிக்கொண்டது

முதலில் பாட நேரத்தையே திருத்தினோம். டெக்சாஸில் ஹோம்ஸ்கூல் சட்டப்படி தனியார் பள்ளிக்குச் சமம். 1994-இல் மாநில உச்ச நீதிமன்றம் லீப்பர் வழக்கில் அதை உறுதி செய்தது. வாசிப்பு, எழுத்துக்கூட்டல், இலக்கணம், கணிதம், நல்ல குடிமைப்பண்பு என்று ஐந்து பாடங்கள் வேண்டும். ஒரு நாளைக்கு இத்தனை மணி நேரம் என்று அரசு எதுவும் சொல்லவில்லை. அப்புறம் நாற்பத்தைந்து நிமிட பீரியட் எங்கிருந்து வந்தது? நாங்கள் படித்த பள்ளிக்கூடத்திலிருந்து. மணி அடிக்க ஆள் இல்லாத வீட்டில் நாங்களே மணி அடித்துக்கொண்டிருந்தோம். இப்போது பதினைந்து நிமிடத் துண்டுகள். கடினமான கணக்கு மட்டும் சின்னவன் மதியம் தூங்கும்போது.

இரண்டாவது, பாடத்துக்கு முன் பத்து நிமிடம் அவனோடு. அதன்பிறகு மேஜையில் அவனுக்கும் ஒரு நாற்காலி. பின்னத்துக்கு ஆப்பிள் வெட்டினால் துண்டுகளைத் தட்டில் வைப்பது அவன். அக்காவுக்குப் பென்சில் எடுத்துக் கொடுப்பவனும் அவன். சில நாள் கால் ஆப்பிளைத் தின்றுவிடுவான், அக்கா "இப்போ முக்கால்தான் இருக்கு" என்பாள். அதுவும் கணக்குதான்.

மூன்றாவது, பைகள் முப்பதிலிருந்து நான்கு. 2018-இல் டொலிடோ பல்கலைக்கழகத்தில் 36 சிறு குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வில், பதினாறு பொம்மை இருந்தபோதைவிட நான்கு பொம்மை இருந்தபோது ஒவ்வொன்றோடும் அதிக நேரம், பலவிதமாக விளையாடினார்கள் என்று கண்டார்கள். எங்கள் நான்கில் சிறு துண்டு எதுவும் கிடையாது.

இதனால் வீடு அமைதியாகிவிட்டதா என்றால், இல்லை. பாடம் மெதுவாகத்தான் போகிறது. போன வாரம் விடைத்தாள் மேல் பால் கொட்டிவிட்டது. ஆனால் ஒரு விஷயம் மாறியிருக்கிறது. பைகள் இருந்த நாட்களில் தம்பி மேஜைப் பக்கம் வந்தாலே மகள், "அம்மா, இவன இங்கருந்து கூட்டிட்டுப் போங்க" என்பாள். தம்பி என்றால் தடங்கல் என்று அவளுக்கு நாங்கள்தான் பாடம் நடத்தியிருக்கிறோம், எந்தப் புத்தகத்திலும் இல்லாத பாடம். நேற்று அவன் வருவதற்கு முன்னாலேயே அவனுடைய நாற்காலியை இழுத்துப் போட்டாள். ஏன் என்று கேட்டேன். "ஆப்பிள யாரு எடுத்து வைப்பா?" என்றாள்.