உட்கார இடம் தராத மலிவு

சனிக்கிழமை இரவு எட்டரைக்குத் திருப்பூர் பல்லடம் ரோட்டுப் பனியன் கம்பெனிகளில் ஷிப்ட் விடும். காலை எட்டரைக்கு உள்ளே போனவர்கள் ஒன்றரை ஷிப்ட் முடித்து, வாரச் சம்பளத்தை வாங்கிக்கொண்டு வீரபாண்டிப் பக்கம் நடந்து வருவார்கள். மதுக்கடைச் சந்தின் முனையில் ஒருவர் நிற்பார். கையில் எழுபது ரூபாய். இன்னொரு எழுபது ரூபாய்க்காரருக்காகக் காத்திருக்கிறார். ஆள் வந்ததும், "கட்டிங் சேந்துக்கலாமுங்களா?" என்பார். அறிமுகம் அவ்வளவுதான். பெயர் கேட்பதில்லை. ஒருவர் தேனிக்காரர், மற்றவர் ஒடிசாக்காரர் என்றாலும் பேச்சு தடைப்படுவதில்லை, பேச வேண்டியதே இல்லை என்பதால்.

ஒரு குவார்ட்டர் வரும். இரண்டு பிளாஸ்டிக் டம்ளர், ஒரு தண்ணீர் பாக்கெட், ஒரு ஊறுகாய். ஊற்றியவர் இரண்டு டம்ளரையும் கண்ணுக்கு நேரே தூக்கி மட்டம் பார்ப்பார். சொட்டுக் கூடினால் திரும்ப ஊற்றிச் சரிசெய்வார். தண்ணீர் பாக்கெட்டின் முனையைப் பல்லால் கடித்துப் பீய்ச்சுவார். ஒரே மடக்கு. ஊறுகாயை நக்கிவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, ஆளுக்கொரு திசையில் போய்விடுவார்கள். எல்லாம் சேர்ந்து மூன்று நிமிடம் ஆகாது.

இப்படிக் கூட்டாளிக்குக் காத்திருப்பது ஏதோ எங்கள் ஊர் வழக்கம் மட்டுமல்ல. 2023இல் அன்றைய மதுவிலக்குத் துறை அமைச்சர் சு.முத்துசாமி, 90 மில்லி அளவில் காகிதக் குடுவையில் மது விற்கும் யோசனையைச் சொன்னபோது இதையே காரணமாகச் சொன்னார்: 180 மில்லியைப் பங்கு போட ஆள் தேடிப் பலர் நிற்கிறார்கள் என்று. அரசுக்கும் அந்தச் சந்து முனை தெரிந்திருக்கிறது. ஆனால் அங்கே நிற்பவருக்கு என்ன குறை என்று பார்க்கும்போது, அளவு பெரிதாக இருப்பதுதான் குறை என்று அதற்குப் பட்டது. அவர் நின்றுகொண்டே குடிக்கிறார் என்பது படவில்லை. நான் இங்கே பேச வந்தது அதைப் பற்றித்தான்.

அரசின் டாஸ்மாக் கடைக்குப் போகலாமா கூடாதா என்ற சண்டை இங்கே எல்லா வீட்டிலும் உண்டு. போகிறவர், "மேலெல்லாம் வலிக்குதுங்க, நாள் பூராவும் நின்னு அயர்ன் பண்ணிப் பாருங்க" என்கிறார். கம்பெனிக்காரர், திங்கட்கிழமை பாதி ஓவர்லாக் மெஷின் ஆளில்லாமல் கிடக்கிறது என்கிறார். வீட்டுப் பெண்கள் சொல்வதை எழுத ஒரு கட்டுரை போதாது. இந்த மண்ணில் மது எதிர்ப்புக்கு வேர் ஆழம். பக்கத்து ஈரோட்டுக்காரரான பெரியார் 1921இல் கள் இறக்குவதைத் தடுக்கத் தம் தோப்புத் தென்னைகளை வெட்டிச் சாய்த்தார். நாகம்மையாரும் கண்ணம்மாளும் கள்ளுக்கடை மறியலுக்குத் தலைமை தாங்கினார்கள். அதே மண்ணில்தான் கள் விவசாயியின் உரிமை என்று செ.நல்லசாமியின் தமிழ்நாடு கள் இயக்கமும் பல ஆண்டுகளாகக் கேட்டுவருகிறது. இரண்டு குரலுக்கும் இங்கே ஆட்கள் இருக்கிறார்கள்.

மலிவுச் சாராயக் கடைக்குப் போவது சரியா என்று பிற நாட்டிலும் வாதாடுகிறார்கள். இங்கிலாந்தில் வெதர்ஸ்பூன் என்று ஒரு சங்கிலிக் கடை. 1979இல் டிம் மார்ட்டின் வடக்கு லண்டனில் தொடங்கியது. இப்போது சுமார் 800 கிளைகள். மூடிப்போன சினிமாக் கொட்டகைகளையும் வங்கிக் கட்டடங்களையும் வாங்கி மதுக்கூடம் ஆக்கினார்கள். பியர் விலை குறைவு, சாப்பாடு உண்டு, பெரும்பாலான கிளைகளில் பாட்டுச் சத்தம் கிடையாது. ஓய்வூதியக்காரர் ஒரு கோப்பைத் தேநீரோடு காலை முழுக்க உட்கார்ந்திருக்கலாம். பிடிக்காதவர்களுக்கும் வலுவான காரணங்கள் உண்டு. பக்கத்துத் தெருச் சிறு கடைகள் அந்த விலையோடு போட்டிபோட முடியாது. காலையிலேயே மலிவாகக் குடிக்க வழி திறக்கிறது. முதலாளி பிரெக்ஸிட்டுக்கு ஆதரவாகக் கோப்பை அட்டையில்கூட அச்சடித்துப் பிரசாரம் செய்தார் என்பதற்காகவே அங்கே கால் வைக்காதவர்கள் இருக்கிறார்கள்.

அந்தச் சண்டைக்கும் நம் சண்டைக்கும் ஒரு பெரிய வேறுபாடு. அங்கே போகமாட்டேன் என்பவர் எதிர்த்த கடைக்குப் போகலாம். இங்கே எதிர்த்த கடை கிடையாது. எம்.ஜி.ஆர். காலத்தில், 1983இல், மொத்த விற்பனைக்காக உருவானது டாஸ்மாக். 2003 நவம்பரில் ஜெயலலிதா அரசு சில்லறை விற்பனையையும் அதன் கையில் கொடுத்தது. அன்றிலிருந்து நட்சத்திர ஓட்டல், கிளப் போக வசதியில்லாதவருக்கு ஒரே வாசல்தான். 2023 ஜூனில் 500 கடைகளை மூடிய பிறகும் 4,829 கடைகள் இருந்தன. உலகில் இவ்வளவு பெரிய மலிவுச் சங்கிலியை அரசே நேரடியாக நடத்துவது அரிது. அப்படியானால் அதை ஒரு கடையாகவே நிறுத்தி எடை போடலாம். வாடிக்கையாளருக்கு அது என்ன தருகிறது, என்ன தரவில்லை?

தருவதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். பாட்டிலில் இருப்பது ஆலையில் வடித்த சரக்கு; சாராய பலம் 42.8 சதவீதம் என்று ஒட்டியிருக்கும். அது உடம்புக்கு நல்லதல்ல, ஆனால் குடித்த இரவே கண்ணைப் பறிப்பதும் அல்ல. 2023 மே மாதம் மரக்காணம் பக்கத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் மெத்தனால் கலந்த சாராயம் எத்தனை வீடுகளை அழித்தது என்று பார்த்தோம். கள்ளக்குறிச்சியில் மட்டும் 60க்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். கடைகளை ஒரே நாளில் மூடு என்பவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி: மூடினால் குடிப்பவர் அந்தச் சாராயத்துக்குப் போகமாட்டாரா? 1937இல் ராஜாஜி சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு, 1971இல் தளர்ந்து, 1974இல் திரும்ப வந்து, 1981இல் மறுபடி நீங்கியது. இத்தனை ஏற்ற இறக்கத்திலும் காய்ச்சுகிறவன் தொழிலை விடவில்லை.

ஆனால் கருணாபுரம் இன்னொன்றையும் காட்டியது. அது டாஸ்மாக் எட்டாத காட்டுக்குள் நடந்ததல்ல, மாவட்டத் தலைநகருக்குள்ளேயே நடந்தது. கடை இருந்தும் கூலிக்காரர் பாக்கெட் சாராயத்துக்குப் போனார் என்றால், அந்தக் கடையின் விலை அவருக்கு எட்டவில்லை. 2024 பிப்ரவரியில் சாதாரண ரகக் குவார்ட்டர் பத்து ரூபாய் ஏறி 140 ஆனது. வாரம் இரண்டு குவார்ட்டர் என்றால் மாதம் ரூ.1,120. வீட்டிலுள்ள பெண்ணுக்கு 2023 செப்டம்பரில் அரசு தரத் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை ரூ.1,000. 2024-25இல் டாஸ்மாக் வழியே ஆயத்தீர்வையும் மதிப்புக்கூட்டு வரியுமாக அரசுக்கு வந்தது ரூ.48,344 கோடி. திட்டங்களுக்குப் பணம் வேண்டாமா என்று கேட்பவர்கள் அந்த ரூ.1,120ஐயும் ரூ.1,000ஐயும் ஒரே வீட்டுக் கணக்கில் எழுதிப் பார்க்கட்டும்.

தராதவைக்கு வருகிறேன். கடையோடு ஒட்டிய பாரை டாஸ்மாக் நடத்துவதில்லை. தின்பண்டம் விற்கவும் காலிப் பாட்டில் சேகரிக்கவும் டெண்டர் விட்டுத் தனியாருக்குக் கொடுத்துவிடுகிறது. அப்படி பார் வைக்க மதுவிலக்குச் சட்டத்தில் இடமில்லை என்று 2022இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு தீர்ப்பு வந்தது, டாஸ்மாக் மேல்முறையீட்டுக்குப் போனது, பார்கள் தொடர்கின்றன. டெண்டர் எடுத்தவர் மாதாமாதம் கட்டும் தொகையைத் தின்பண்டத்தில்தான் எடுத்தாக வேண்டும். அதனால் உள்ளே தண்ணீருக்கு ஒரு விலை, டம்ளருக்கு ஒரு விலை, கடலைக்கு ஒரு விலை. மேலே தகரம், கீழே ஈரம், கழிப்பறை என்று ஒரு மூலை. வசதியாகச் சம்பாதிக்கிறவர் கோயம்புத்தூர் ஓட்டலில் ஏசியில் உட்கார்ந்து இரண்டு மணிநேரம் குடிக்கிறார். எழுபது ரூபாய்க்காரர் அந்தத் தகரக் கொட்டகைக்குக்கூடக் கட்டுப்படியாகாமல் சந்தில் நிற்கிறார்.

நின்றால் என்ன? கணக்கு இருக்கிறது. 90 மில்லியில் சுத்தச் சாராயம் ஏறத்தாழ 38.5 மில்லி. இங்கிலாந்துக்காரர் மதுக்கூடத்தில் வாங்கும் 568 மில்லிக் கோப்பையில், நான்கு சதவீத பியர் என்றால், 23 மில்லிக்கும் குறைவு. அதை அவர் பேசிக்கொண்டே முக்கால் மணிநேரம் குடிக்கிறார். நம் ஆள் அதைப்போல ஏறத்தாழ 1.7 மடங்கை, பன்னிரண்டு மணிநேர வேலைக்குப் பின், வெறும் வயிற்றில், அரை நிமிடத்தில் இறக்குகிறார். பிறகு வண்டியை எடுக்கிறார். மட்டமான சரக்கு, மட்டமான மனிதர் என்று ஏசுகிறோம். என் பார்வையில் கேடு பாதிக்குமேல் இந்த வேகத்தில் இருக்கிறது. வேகத்தை உண்டாக்குவது உட்கார இடமின்மை.

வீரபாண்டியில் அவர் வேறெங்கே உட்காருவார்? லைன் வீட்டில் பத்துக்குப் பத்து அறை. அதில் நாலு பேர். எங்கள் ஊரில் கூலிக்காரருக்கு உட்கார இருக்கும் ஒரே பொது இடம் பேக்கரி. அதை நான் பெருமையாகவே சொல்வேன். ஒரு டீ, ஒரு பப்ஸ் வாங்கினால் ஸ்டூல் கிடைக்கும், குடிக்கத் தண்ணீர் கிடைக்கும், போனுக்கு சார்ஜ் போட்டுக்கொள்ளலாம், அரை மணிநேரம் யாரும் எழுந்திரு என்பதில்லை. வாடகைக் கட்டடத்தில் கடன் வாங்கி நடத்தும் பேக்கரிக்காரர் தரும் மரியாதையை, ஆண்டுக்கு 48 ஆயிரம் கோடி வசூலிக்கும் கடை தரவில்லை. எல்லை தாண்டினால் பாலக்காட்டுக் கள்ளுக்கடையில் பெஞ்சும் சோறும் மீன்கறியும் உண்டு. பொள்ளாச்சி, உடுமலைப் பக்கத்திலிருந்து ஆட்கள் போய்வருவதற்குக் கள் மட்டும் காரணமில்லை.

உட்கார இடமில்லாதவர்கள் யாருடைய இடத்திலாவது உட்காருகிறார்கள். பஸ் நிறுத்தம், கோயில் திண்ணை, அடுத்தவர் தோட்டத்து வரப்பு. 2023 செப்டம்பரில் பல்லடம் அருகே கள்ளக்கிணற்றில் ஒரே குடும்பத்தில் நான்கு பேர் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். தங்கள் இடத்தில் உட்கார்ந்து குடித்தவர்களைத் தட்டிக்கேட்டதில் மூண்டது என்று செய்திகள் கூறின. அதற்கு முன்பு, 2017இல், நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் கடை கூடாது என்ற உச்ச நீதிமன்ற உத்தரவால் சாலையோரக் கடைகள் ஊருக்குள் நகர்ந்தன. எங்கள் மாவட்டத்துச் சாமளாபுரத்தில் அதை எதிர்த்து மறியல் செய்த ஒரு பெண்ணைக் காவல்துறை அதிகாரி கன்னத்தில் அறைந்ததை நாடே பார்த்தது. ஓட்டுநரைக் காப்பாற்ற வந்த உத்தரவு, ஊருக்குள் வேலைவிட்டு இரவு ஒன்பதுக்கு நடந்துவரும் செக்கிங் வேலைப் பெண்களின் பாதையில் கடையைக் கொண்டுவந்து வைத்தது. இந்தப் பெண்கள் குடிப்பதில்லை, வாங்குவதில்லை. ஆனால் கடையின் முழுச் செலவையும் தாங்குகிறவர்கள் இவர்கள்தான். இந்தக் கடைக்கு எதிராக அவர்கள் சொல்வதற்கு ஆதரவாளர் யாரிடமும் எனக்கு இதுவரை சரியான பதில் கிடைக்கவில்லை.

டாஸ்மாக்கில் பாட்டிலுக்கு அச்சிட்ட விலைக்குமேல் வாங்கும் பத்து ரூபாய் பற்றிச் சட்டமன்றம் வரை பேசியாயிற்று. கடை ஊழியர்களையும் கேட்க வேண்டும். சுமார் 23 ஆயிரம் பேர், 2003இலிருந்து தொகுப்பூதியத்தில். உடைந்த பாட்டிலுக்கும் கடைச் செலவுக்கும் கைக்காசு போகிறது என்பது அவர்கள் சங்கங்களின் புகார். அவர்கள் ஊதியத்தை ஒழுங்குபடுத்தாமல் பத்து ரூபாயை நிறுத்த முடியாது. ஒரு டஜன் பனியன்கூட ஜி.எஸ்.டி. பில் இல்லாமல் திருப்பூரைத் தாண்டக்கூடாது என்று சட்டம் இருக்கும் ஊரில், அரசுக் கடையில் பில் கேட்பவரை முறைத்துப் பார்க்கும் வழக்கம் இவ்வளவு காலம் நீடித்திருக்கக் கூடாது. ஸ்கேன் செய்து பில் தரும் கருவிகள் மிகத் தாமதமாகத்தான் வந்தன.

அப்படியானால் பாரை நல்லதாக்கினால் போதுமா, குடி கூடிவிடாதா என்று கேட்பீர்கள். கூடலாம். அந்தப் பயத்தை நான் தள்ளிவிடவில்லை. 2015 ஜூலையில் மார்த்தாண்டம் அருகே செல்போன் கோபுரத்தில் ஏறி மதுக்கடைக்கு எதிராகப் போராடி உயிர்விட்ட சசிபெருமாள் போன்றவர்களின் கோரிக்கைக்கு நல்ல நாற்காலி பதிலாகாது. ஆனாலும் கடைகளைக் குறைப்பதும், மிஞ்சிய கடையில் மனிதர் உட்கார்ந்து சாப்பாட்டோடு மெதுவாகக் குடிக்க வைப்பதும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல. எண்ணிக்கையைப் பாதியாக்கு, பஸ் நிறுத்தத்திலிருந்தும் பெண்கள் நடக்கும் பாதையிலிருந்தும் அகற்று, மிச்சத்தில் பெஞ்சு, கழிப்பறை, இலவசத் தண்ணீர், முட்டையும் சோறும் வை, அச்சிட்ட விலைக்குப் பில் கொடு. வருமானம் குறையும். குறையட்டும்.

கம்பெனிக்காரர்களிடமும் ஒன்று. கூலியை மதுக்கூடத்தில் வைத்துக் கொடுக்கக் கூடாது என்று இங்கிலாந்து 1883இலேயே சட்டம் போட்டது, சம்பளமும் சாராயமும் ஒரே இடத்தில் சந்திக்கக் கூடாது என்பதற்காக. நம்மிடம் சனிக்கிழமை இரவு எட்டரைக்கு ரொக்கம், கடை பத்து வரை. இந்த இடைவெளியை மாற்ற அரசாணை எதுவும் வேண்டாம். புதன்கிழமை வங்கியில் போடுங்கள்.

போகலாமா என்று என்னிடம் அடிக்கடி கேட்கும் தம்பிகள் இருக்கிறார்கள், புதிதாகப் பேட்லாக் மெஷின் பழகுகிறவர்கள். இன்றைக்கு இருக்கிறபடி அந்தக் கடை இருக்கும்வரை போகாதே, கண்ணு. உடம்பு வலித்தால் பேக்கரிக்கு வா, உட்கார்ந்து பேசலாம். போயே தீருவேன் என்றால் சாப்பிட்டுவிட்டுப் போ, வண்டியை விட்டுவிட்டுப் போ, நின்றுகொண்டு குடிக்காதே, பில்லைக் கேட்டு வாங்கு.