நிழலுக்கு அஞ்சும் படப்புத்தகம்

பிரெஞ்சுக் கவிஞர் பிளேஸ் சாந்த்ராரின் படைப்பொன்றை ஆங்கிலத்தில் பெயர்த்து மார்சியா பிரவுன் படம் தீட்டிய 'ஷேடோ' (1982), 1983இல் அமெரிக்காவின் கால்டெகாட் பதக்கம் பெற்றது. ஆப்பிரிக்க நிழலையும் ஆவியையும் சிறாருக்குக் காட்டும் நூல் இது. வெட்டி ஒட்டிய உருவங்களும் தீயொளி வண்ணங்களும் அழகானவை என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் மனிதர்களும் முகம் தெளியாக் கரிய வடிவங்களே. எது ஆவி, எது மனிதன் என்று குழந்தை எங்ஙனம் அறியும்? இந்நூல் மீது கண்டனங்கள் எழுந்ததில் வியப்பில்லை.

செனகலின் பிராகோ தியோப் 1947இல் வெளியிட்ட அமாது கும்பா கதைகளை ஒப்பிடுவோம். 'சர்சான்' என்னும் கதையில், பிரெஞ்சுப் படையிலிருந்து ஊர் திரும்பிய ஒருவன் முன்னோர் வழக்கங்களை இகழ்கிறான். ஆவிகளின் சினத்தால் சித்தம் கலங்குகிறான். சொல்தா குடும்பங்களைக் கண்ட புதுச்சேரியார்க்கு இவன் அந்நியன் அல்லன். இறந்தோர் மரத்திலும் நீரிலும் உறைகின்றனர் என்னும் நம்பிக்கையை நம் அகீதா ஏற்காது. ஆனால் இங்கே ஆவிகளுக்கு ஊரும் உறவும் உண்டு. சினத்துக்குக் காரணமும் உண்டு. பதக்கம் பெற்ற நூலிலோ அச்சம் மட்டுமே எஞ்சுகிறது.

நமக்கோ நிழல் என்பது அச்சத்தின் பெயரன்று. நிழல்களும் இறைவனுக்குச் சிரம்பணிகின்றன என்கிறது அர்ரஅது அத்தியாயம். வேறு நிழலற்ற மறுமை நாளில் எழுவகையினர்க்கு இறைவன் நிழலளிப்பான் என்பது நபிமொழி. முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் செனகலின் குழந்தைகளும் இவற்றைக் கேட்டே வளர்கின்றனர். அந்த ஆப்பிரிக்காவைத் தீட்டிய படப்புத்தகத்தையே நாம் தேடுகிறோம்.