வருகைக் காலத்து ஏழு முன்மொழிகளும் நம் பாடலும்

கிறிஸ்து பிறப்பு விழாவிற்கு முந்திய ஏழு மாலைகளில், டிசம்பர் 17 முதல் 23 முடிய, மேற்றிசைத் திருச்சபை மரியாளின் பாட்டோடு சேர்த்துப் பாடிவந்த ஏழு சிறு பாக்கள் உண்டு. ஒவ்வொன்றும் இலத்தீனில் ‘ஓ’ என்னும் விளியோடு தொடங்கும். இத்தகைய பாவை நம் கத்தோலிக்க சகோதரர் முன்மொழி என்பர். அச்சொல்லையே நானும் கைக்கொள்கிறேன். ஒன்பதாம் நூற்றாண்டில் மெட்ஸ் நகரத்து அமலாரியுஸ் இவற்றிற்கு விளக்கம் எழுதியுள்ளார் என்றால் இவற்றின் பழமை விளங்கும். ஆண்டு முழுவதிலும் திருச்சபை பாடும் பாக்களுள் எனக்கு இவற்றினும் இனியவை இல்லை.

சீர்திருத்த சபையின் ஆயருக்கு இலத்தீன் முன்மொழியோடு என்ன உறவு என வினவுவார் இருக்கலாம். ஆங்கிலிக்க சபையின் பொது ஜெபப் புத்தகத்து நாட்காட்டியில் டிசம்பர் 16 ஆம் நாளுக்கு நேரே இம்முதற்பாவின் தொடக்கச் சொற்கள் இன்றும் நிற்கின்றன. இடைக்கால இங்கிலாந்தில் ஒரு நாள் முந்தியே தொடங்கினர் என்பதன் எச்சம் அது. லுத்தரும் பழம் இசையை வெறுத்தவரல்லர். அம்புரோசியாரின் வருகைப் பாடலை 1524 இல் ஜெர்மன் மொழியில் ஆக்கியபோது, அதன் பழைய மெட்டையும் திருத்தித் தம் மக்களுக்குக் கொடுத்தார்.

முன்மொழிகளின் கட்டமைப்பு எளிது. முதலில் பழைய ஏற்பாட்டுப் பெயரால் ஒரு விளி. அடுத்து அப்பெயரின் விரிவு. இறுதியில் ‘வாரும்’ என்னும் வேண்டுதல். ஞானம், அதோனாய், ஈசாயின் வேர், தாவீதின் திறவுகோல், அருணோதயம், ஜாதிகளின் அரசர், இம்மானுவேல் என்பவை அவ்வேழு பெயர்கள். முதல் நாள் விவேகத்தின் வழியைக் கற்பிக்குமாறு கேட்பவர் ஏழாம் நாள் இரட்சிக்கும்படி மட்டுமே கேட்கின்றனர். இலத்தீன் முதலெழுத்துகளைப் பின்னிருந்து கூட்டினால் ‘நாளை இருப்பேன்’ என்னும் பொருள் வருவதைப் பலர் வியந்து பேசுவர். அழகிய விளையாட்டுத்தான், அருளுரையில் அதற்கு ஒரு நிமிடத்திற்கு மேல் செலவிடுதல் வீண்.

அதனினும் ஆழமான நுட்பம் நான்காம், ஐந்தாம் பாக்களில் உண்டு. இரண்டும் லூக்கா முதல் அதிகாரத்துச் சகரியாவின் சொற்களாகிய இருளையும் மரண நிழலையும் கொண்டே முடிகின்றன. ஆனால் 20 ஆம் நாள் இருளில் உட்கார்ந்திருப்பவன் ஒருவன், சிறைக்கூடத்தில் கட்டுண்டவன். 21 ஆம் நாள் உட்கார்ந்திருப்போர் பலர். தனி மனிதனின் சிறைக்குத் திறவுகோலை வேண்டிய சபை, மறுநாள் அனைவருக்குமாக வெளிச்சத்தை வேண்டுகிறது. ஒருமையிலிருந்து பன்மைக்குச் செல்லும் இந்த ஓர் அடியில் தனி மீட்பும் சமுதாய மீட்பும் பிரிக்கப்படாமல் நிற்கின்றன. நம் இறையியல் மன்றங்களில் பல ஆண்டுகளாக நடக்கும் வழக்கை அப்பாடலாசிரியர் பேசாமலே தீர்த்துவிட்டார்!

நம்மில் பெரும்பாலோர் இப்பாக்களை அறிவது, ஜான் மேசன் நீல் 1851 இல் ஆங்கிலமாக்கிய இம்மானுவேல் பாடலின் வாயிலாகவே. அதற்கு மூலமான இலத்தீன் பாடல் 1710 இல் கொலோன் நகரத்தில் வெளியான நூலில் உள்ளது. அப்பாடலை நான் மதிக்கிறேன்; ஆயினும் மூன்று குறைகள் அதில் உண்டு. ஏழாவதாக வரவேண்டிய பெயர் முதலில் வந்துவிட்டபடியால் ஏழு மாலைகளின் ஏற்றம் சிதைந்தது. ஞானமும் ஜாதிகளின் அரசரும் அதில் இடம்பெறவில்லை, பின்னரே சேர்க்கப்பட்டனர். மூன்றாவதே பெருங்குறை. ஒவ்வொரு வேண்டுதலையும் தொடர்ந்து, மகிழுங்கள் என்னும் பல்லவி உடனே விடையளித்துவிடுகிறது. முன்மொழியிலோ ‘வாரும்’ என்பதற்குப் பதில் இல்லை. கேட்டவர் மௌனமாக மறுநாள் மாலைவரை காத்திருக்க வேண்டும். ஆனால் மெட்டைக் குறை சொல்ல நா எழவில்லை. அது பதினைந்தாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கையெழுத்துப் படியொன்றில், அடக்கப் பவனியில் பாடும் இசையாக உள்ளது என மேரி பெரி அம்மையார் 1966 இல் கண்டறிந்தார். வருகைக் காலத்திற்கு அடக்கத்தின் மெட்டு பொருந்தியதில் எனக்கு வியப்பில்லை.

இனி இசையைப் பற்றி. பப்ரீசியுஸ் ஐயர் பதினெட்டாம் நூற்றாண்டில் ஜெர்மன் ஞானப்பாட்டுகளைத் தமிழாக்கியபோது அவற்றின் யாப்பையும் மெட்டையும் காத்தார். அவருடைய பக்தியும் உழைப்பும் ஒப்பற்றவை. எனினும் ஜெர்மன் மெட்டு அசையழுத்தத்தின்மேல் நடப்பது. தமிழ்ச் சொல்லோ குறில் நெடிலால் உயிர்ப்பது. இதனால் நெடில் குறுகுவதும் குறில் நீளுவதும் இன்றும் நம் ஆலயங்களில் கேட்கின்றன. முன்மொழியின் இசைக்கு இத்தடை இல்லை. அதில் தாளம் கிடையாது. சொல் எவ்வளவு நீளுமோ அவ்வளவே இசையும் நீளும். ஏழிற்கும் மெட்டும் ஒன்றே. ஓதுவார்கள் விருத்தம் பாடுவதைக் கேட்டவர்க்கு இது அந்நியமாகத் தோன்றாது. ஐரோப்பிய இசையுள் தமிழுக்கு மிக அணுக்கமானது ஆர்கன் வாசிக்கும் நாற்குரல் கீதமன்று. துணைக்கருவியில்லாத இப்பழைய ஒற்றைக் குரல் இசையே என்பது என் துணிபு.

முதுநகரில் வாழும் நமக்கு இன்னொரு செய்தியும் உண்டு. நமக்குத் தெற்கே தில்லையில் இதே மார்கழியில் திருவெம்பாவையின் இருபது பாடல்களும் ஓதப்படுகின்றன. விடியுமுன் எழுந்து, உறங்குவாரை எழுப்பி, காத்திருந்து பாடும் மரபு இந்நிலத்து மக்களின் செவியில் ஊறியது. இரண்டும் ஒன்றென நான் கூறவில்லை. பாவைப் பாடல் ஆண்டுதோறும் திரும்பும் நோன்பைச் சார்ந்தது, முன்மொழியோ வரலாற்றில் ஒருமுறை நிகழ்ந்து மறுபடியும் நிகழவிருக்கும் வருகையைச் சார்ந்தது. ஆயினும் விழாவிற்குமுன் விழித்திருத்தல் என்பதை நம் அயலார் மறக்கவில்லை, நாமே மறந்தோம் என்பது உறுத்துகிறது.

வருகைக் காலத்து முதல் ஞாயிறு முடியுமுன்னே நம் சபைகளில் கிறிஸ்மஸ் தொடங்கிவிடுகிறது. சங்கத்திற்கொரு விழா, தெருவிற்கொரு ஒலிபெருக்கி, வீட்டிற்கொரு கீதபவனி. இருபத்து நான்காம் நாள் இரவில் பாடகர் குழுவிற்குத் தொண்டை இல்லை, சபைக்குக் காத்திருக்க எதுவும் இல்லை. இது இசை ரசனையைப் பற்றிய முறையீடன்று. 2004 டிசம்பர் 26, ஞாயிறு காலையில் கடல் தேவனாம்பட்டினத்தின்மேல் ஏறியது. 2011 டிசம்பர் 30 இல் தானே புயல் நம் கரையைக் கடந்தது. 2015 இன் இறுதியில் வெள்ளம். இக்கரையில் டிசம்பர் என்பது இருளில் உட்கார்ந்திருக்கும் மாதமாகவும் இருந்திருக்கிறது. மகிழ்ச்சிப் பாடலை மட்டுமே கற்ற சபை அத்தகைய நாளில் எதைப் பாடும்? ‘வாரும்’ என்று மட்டும் சொல்லி நிறுத்தத் தெரிந்த பாடல் அப்போது தேவைப்படுகிறது.

ஆகவே இறையியல் மாணவர் எவரேனும் இவ்வேழையும் தமிழ் விருத்தமாக்க முன்வருவாராயின் நலம். கீபோர்டு வேண்டாம், ஒரு சுருதிப்பெட்டி போதும். குடும்ப ஜெபத்தில் மரியாளின் பாட்டிற்கு முன்னும் பின்னும் ஒருமுறை பாடலாம். சொற்தேர்வில் சில சிக்கல்கள் உண்டு. ஐந்தாம் பாவின் விளிக்குக் கிழக்கு என்றோ உதயம் என்றோ தேட வேண்டியதில்லை. லூக்கா 1:78 இல் நம் பழைய திருப்புதல் அருணோதயம் என்னும் அரிய சொல்லை வைத்திருக்கிறது. அதோனாயை ‘ஆண்டவரே’ என மாற்றினால் முட்செடியும் சீனாய் மலையும் மங்கிவிடும்; எபிரெயச் சொல்லே நிற்கட்டும். முதற்பா சீராக்கின் ஆகமத்தைத் தழுவியதால் தயங்குவோர்க்கு நீதிமொழிகள் எட்டாம் அதிகாரமும் 1 கொரிந்தியர் 1:24 உம் போதிய ஆதாரமாகும்.