எஃப்/1.8-ல் காணாமல் போனவர்

வேகமான பிரைம் லென்ஸ் பற்றிய எந்தப் பரிசோதனைக் கட்டுரையை எடுத்தாலும் அதில் ஒரு செங்கல் சுவர் இருக்கும். சுவரின் மூலையை நூறு சதவீதம் பெரிதாக்கி, எஃப்/1.8-ல் இப்படி, எஃப்/4-ல் இப்படி என்று அருகருகே வைத்திருப்பார்கள். கடைசியில் ஒரு முகம். அதற்குப் பின்னால் எல்லாமே புகை மாதிரி கரைந்து போயிருக்கும். "போக்கே பிரமாதம்" என்று முடித்துவிடுவார்கள். இயற்கை வெளிச்சத்தில் ஆட்களைப் படமெடுக்க லென்ஸ் தேடுபவருக்கு இந்த இரண்டுமே பெரிதாக உதவாது என்பது என் கட்சி.

முதலில் கொஞ்சம் வரலாறு. 1839-ல் டாகேர் முறை அறிவிக்கப்பட்டபோது இருந்த லென்ஸ்கள் எஃப்/14, 15 அளவில்தான் திறந்தன. ஆள் பல நிமிடம் அசையாமல் உட்கார வேண்டும். 1840-ல் வியன்னாவில் இருந்த கணித அறிஞர் யோசப் பெட்ஸ்வால் சுமார் எஃப்/3.6 லென்ஸ் ஒன்றை வடிவமைத்தார். ஃபோக்ட்லாண்டர் அதைத் தயாரித்தது. கிட்டத்தட்ட 15 மடங்கு வெளிச்சம்! உருவப்படம் ஒரு தொழிலாக வளர இது பெரிய காரணம். இதில் கவனிக்க வேண்டியது, அந்த லென்ஸில் நடுப்பகுதி மட்டுமே கூர்மை, ஓரங்கள் குழைந்துவிடும். செங்கல் சுவர் பரிசோதனையில் அது தேறியிருக்காது. முகம் எடுக்க அதுவே பல பத்தாண்டுகள் போதுமானதாக இருந்தது. அதாவது வேகமான லென்ஸ் பிறந்தது வெளிச்சத்துக்காக. பின்னணி மங்குவது கூடவே வந்த விளைவு.

அந்த வெளிச்சக் கணக்கு இன்றும் செல்லும். கிட் லென்ஸ் எஃப்/5.6-ல் 1/20 வினாடி கேட்கும் அறையில், எஃப்/1.8 ஏறத்தாழ 1/200 வினாடியில் எடுத்துவிடும். பத்து மடங்கு வித்தியாசம். கையில் பிடித்தே எடுக்கலாம், ஃபிளாஷ் வேண்டாம்.

சரி, இதற்கு என்ன விலை கொடுக்கிறோம்? ஃபுல் ஃபிரேம் கேமராவில் 85 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ், ஆள் 1.5 மீட்டரில் என்று வைத்துக்கொள்வோம். வழக்கமான 0.03 மி.மீ. அளவுகோலில் கணக்குப் போட்டால், கூர்மையாக விழும் ஆழம் முன்னும் பின்னுமாகச் சேர்த்து 3.2 செ.மீ.தான். எஃப்/2.8-ல் 5 செ.மீ., எஃப்/4-ல் 7 செ.மீ. உங்கள் மூக்கு நுனியிலிருந்து காது வரை ஸ்கேல் வைத்துப் பாருங்கள், 10 செ.மீ.யைத் தாண்டும். முகத்தை 45 டிகிரி திருப்பினால் இரண்டு கண்களுக்கு நடுவே மட்டும் 4 செ.மீ.க்கு மேல் ஆழ வித்தியாசம் வந்துவிடும். ஆக, எஃப்/1.8-ல் ஒரு கண்தான் கிடைக்கும். நடுப்புள்ளியில் ஃபோகஸ் பிடித்துவிட்டு கேமராவை 8 டிகிரி திருப்பினாலே 1.5 செ.மீ. பிசகு. இருக்கும் ஆழத்தில் பாதி அங்கேயே போச்சு.

பின்னணிக்கும் ஒரு எளிய சூத்திரம் உண்டு. ஃபோகல் நீளத்தை எஃப் எண்ணால் வகுத்தால் துளையின் விட்டம் கிடைக்கும்: 85 ÷ 1.8 = 47 மி.மீ. அதை, ஆளுக்குப் பின்னால் சுவர் இருக்கும் தூரத்தால் பெருக்கி, கேமராவுக்கும் ஆளுக்கும் உள்ள தூரத்தால் வகுங்கள். சுவர் 1 மீட்டர் பின்னால் இருந்தால் 31 மி.மீ. வரும். சுவரில் அதைவிடச் சிறிய எந்த விவரமும் கலங்கிவிடும் என்று பொருள். எஃப்/4-ல் இது 14 மி.மீ.

இதே முகத்தை இதே அளவில் 50 மி.மீ. எஃப்/1.8-ல் எடுக்க 88 செ.மீ.க்கு நெருங்க வேண்டும். கணக்குப் போட்டால் அதே 3.2 செ.மீ. ஆழம், அதே 31 மி.மீ. கலங்கல்! 85 அதிகம் அழிக்கிறது என்று நமக்குத் தோன்றுவதற்குக் காரணம், அது சுவரின் சிறு பகுதியை மட்டும் பெரிதாக்கிக் காட்டுவதுதான். அவ்வளவு நெருங்குவதால் 50-ல் மூக்கு கொஞ்சம் தூக்கலாகத் தெரியும், அது வேறு விஷயம்.

கணக்கு சரியா என்று வீட்டில் எடுத்துப் பார்த்தேன். வடக்கு ஜன்னல், காலை வெளிச்சம், பெரியம்மா நாற்காலியில், பின்சுவரில் மறைந்த பெரியப்பாவின் மாலை போட்ட படம். எஃப்/1.8-ல் எடுத்ததைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நான் நல்லாத்தான் இருக்கேன். பின்னாடி உங்க பெரியப்பா எங்கடா?"

பெரியப்பா ஒரு பழுப்புத் தீற்றலாக இருந்தார். எஃப்/4-க்கு மாற்றினேன், ஐஎஸ்ஓ 400 என்பது 2000 ஆனது, அவ்வளவுதான். பெரியம்மாவின் இரண்டு கண்ணும் கூர்மை. பின்னால் சட்டத்துக்குள் இருப்பவர் யார் என்று வீட்டு ஆட்களுக்குத் தெரிகிறது, ஆனாலும் பார்வை முதலில் பெரியம்மாவிடம்தான் போகிறது. இன்றைய சென்சாரில் ஐஎஸ்ஓ 2000-ன் இரைச்சல் அச்சுப் படத்தில் உறுத்தாது.

மங்கலே கூடாது என்று நான் சொல்லவில்லை. 1860-களில் ஜூலியா மார்கரெட் கேமரன் பெட்ஸ்வால் வகை லென்ஸை வைத்து, வேண்டுமென்றே குழைவாக எடுத்தார். டென்னிசனும் ஹெர்ஷலும் இருட்டுக்குள்ளிருந்து முகமாக மட்டும் வருகிறார்கள். அது போதும், அவர்கள் யாரென்று உலகத்துக்குத் தெரியும். அதே கேமரன் 1875-ல் இலங்கைக்குக் குடிபெயர்ந்து, அங்குள்ள மக்களையும் தோட்டத் தொழிலாளர்களையும் எடுத்தார். அவர்களில் பெரும்பாலோரின் பெயர் பதிவாகவில்லை. அவர்களைப் பற்றி இன்று நமக்குக் கிடைப்பதெல்லாம் அந்தத் தாளில் விழுந்த துணியும் நகையும் நிற்கும் விதமும் சுற்றிலும் தெரிகிற இடமும்தான். நம் வீட்டுப் பெரியவர்களும் இந்த இரண்டாவது வகைதானே? இரண்டு தலைமுறை போனால் அவர்களைப் பற்றிய ஆவணம் அந்த ஒரு படமாகத்தான் இருக்கும். அதில் வீட்டையும் அழித்துவிட்டால் என்ன மிஞ்சும்?

அதனால் லென்ஸ் வாங்கும் முன் செங்கல் சுவரை விட்டுவிட்டு இப்படிப் பாருங்கள். ஜன்னலோரம் ஒருவரை உட்கார வைத்து, முகத்தைச் சற்றுத் திருப்பச் சொல்லி எஃப்/1.8, 2.8, 4 மூன்றிலும் எடுங்கள். இரண்டு கண்ணும் எந்த எண்ணில் தெளிகின்றன? வேகமான லென்ஸ்களில், முழுத் திறப்பில் நரைமுடி ஓரத்திலும் தோட்டின் மினுக்கத்திலும் ஊதா, பச்சை விளிம்பு வருவது சகஜம். அது எந்த எண்ணில் அடங்குகிறது? பின்னால் இருப்பது இன்னதென்று தெரிகிறதா?

என் தீர்ப்பு: எஃப்/1.8 பிரைம் தாராளமாக வாங்கலாம், விலை குறைந்த 50 மி.மீ. போதும். விளக்கேற்றும் நேரத்தில், கரண்ட் போன அறையில் அந்த முழுத் திறப்பு கை கொடுக்கும். மற்ற நேரத்தில் எஃப்/2.8-க்கும் 4-க்கும் நடுவே வைத்துக்கொண்டு, பின்சுவரில் யார் இருக்கிறார்கள் என்று ஒருமுறை பார்த்துவிட்டு ஷட்டரை அழுத்துங்கள்.